எல்லாரும் எனக்கு ஒண்ணு போட்டார்கள்

"உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பேங்கில் நீட்டினாலும் சரி, ஆஸ்பத்திரியில் நீட்டினாலும் சரி. கருத்து வேண்டுமானால் என் முகத்தைப் பார்த்துக் கேள், வாய் இருக்கிறது, சொல்கிறேன் என்பேன். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண், கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொள்ளட்டும். அப்படி ஒரு தாளால் எனக்கு வேலையே போனது.

அறுபதுகளின் தொடக்கம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. பையன்களுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. கோடை விடுமுறை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூனில் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. நிரந்தரமானால் கல்லூரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் எங்கள் ஊர் கலவையில் அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிடலாம்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் அம்மா அந்த வீட்டில் சம்பளம் இல்லாத வேலைக்காரியாக இருந்தாள். ஈரப் புடவையோடு அவள் கிணற்றடியில் நிற்க, அண்ணி உள்ளேயிருந்து அடுத்த வேலைக்குக் கூப்பிடுவாள். இதைத் தட்டிக் கேட்டு அண்ணனோடு சண்டை போட்டதில் அங்கே எனக்கும் நல்ல பெயர் இல்லை. பொங்கலுக்குப் போனபோது, "ஜூன்ல வந்து கூட்டிக்கினு போய்டறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பஸ் ஏறுவதற்கு முன்பே அம்மா தன் பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் போட்டு வாயைத் தைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பிரின்சிபால் அமெரிக்கா போய்விட்டு வந்தார். மெட்ராஸ்காரர். நல்ல மனிதர்தான். அங்கேயெல்லாம் வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று மாணவர்களையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களாம். இங்கும் அப்படியே செய்யப்போகிறோம், நிரந்தர இடம் யாருக்கு என்பதையும் கமிட்டி அதை வைத்தே முடிவு செய்யும் என்று ஸ்டாஃப் ரூமில் அறிவித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஏன் குஷி என்றால், எங்கள் துறையின் பெரிய பேராசிரியர் அப்படி. வாய் நிறைய வெற்றிலை. பேசுவது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். போர்டில் எழுதும்போதே முதுகால் மறைத்துக்கொள்வார், பையன்கள் எட்டிப் பார்த்து எழுதுவதற்குள் அழித்தும் விடுவார். சந்தேகம் கேட்டால் சாக்பீஸ் பறந்து வரும். அவரிடம் புரியாததையெல்லாம் சாயங்காலம் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். புங்கமரத்தடியில் உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன். அவருக்கு வேண்டியவர் ஒருவரும் அந்த நிரந்தர இடத்துக்கு மனுப் போட்டிருந்தார். பையன்களைக் கேட்டால் போதும், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

தாள் தயாரானது. குரல் தெளிவாகக் கேட்கிறதா, பாடம் புரிகிறதா, சந்தேகத்தைத் தீர்க்கிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒன்று முதல் ஐந்து வரை ஒரு கிரேடு போட வேண்டும். ஐந்து என்றால் மிக நன்று, ஒன்று என்றால் மிக மோசம். ஆனால் இந்த விளக்கம் மட்டும் தாளில் இல்லை! ஸ்டென்சில் அடித்த ஹெட்கிளார்க், ஒரே பக்கத்தில் அடங்கவில்லை என்று அந்த வரியை எடுத்துவிட்டார். பிற்பாடு நான் போய்க் கேட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? "காலேஜ் படிக்கிற பசங்களுக்கு இது தெரியாதாம்மா? இந்த ஒரு வரிக்கு இன்னொரு ஷீட்டா?" பேப்பரை மிச்சம் பிடித்தாராம், மகராஜன்.

தாள் கொடுத்த அன்று வாத்தியார்கள் வகுப்பில் இருக்கக் கூடாது என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒரே சிரிப்பு, குசுகுசு. மணி அடித்ததும் பையன்கள் பெரிய காரியம் முடித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். வகுப்புத் தலைவன் ஒரு நெட்டைப் பையன். அவன் அப்பாவுக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலை. என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "பேஜாராவாதீங்க மிஸ். எல்லாம் பேசி வெச்சிக்கினுதான் போட்டோம்" என்றான்.

அன்றைக்கே அம்மாவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன், வேலை கிடைத்த மாதிரிதான் என்று.

சில வாரம் கழித்து பிரின்சிபால் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கே கஷ்டமா இருக்கும்மா. ஒரு பையன்கூட உங்களுக்கு ரெண்டு போடலை. எல்லாரும், எல்லாக் கேள்விக்கும் ஒண்ணு."

"எனக்கா சார்?"

"ஆமாம்மா. பேராசிரியருக்குப் பாருங்க, அஞ்சுக்குக் குறைஞ்சு ஒருத்தரும் போடலை. அவர் குரல் ரொம்பத் தெளிவா இருக்குன்னு எல்லாரும் ஒருமனதா சொல்லியிருக்காங்க."

வெற்றிலை வாயருக்குக் குரல் தெளிவாம்! அதைப் படித்த மனிதருக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இது எப்படி என்று தோன்ற வேண்டாமா? அடுத்த அறையில்தானே அவர் வகுப்பு எடுக்கிறார், காதை வைத்துக் கேட்க வேண்டாமா? அமெரிக்கா வரை போனவருக்கு அடுத்த அறைக்குப் போக முடியவில்லை. ஆண்டு விழாவில் பேராசிரியருக்குச் சால்வை போட்டார்கள். அவர் சிபாரிசு செய்த ஆளுக்கே அந்த இடமும் போனது. எனக்கு ஜூனில் வர வேண்டாம் என்று கடிதம் வந்தது.

அழுகையைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பையன்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வகுப்புக்குப் போவேன், போர்டைப் பார்த்தபடி நடத்துவேன், மணி அடித்ததும் வந்துவிடுவேன். புங்கமரத்தடியில் வந்து நின்றவர்களிடம், "உங்க பேராசிரியர் கிட்டயே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பின்னால், "மிஸ்ஸுக்கு இன்னாடா ஆச்சு?" என்று குரல் கேட்டது. நடிப்பைப் பார் என்று இன்னும் எரிந்தது.

நான் வரப்போவதில்லை என்ற செய்தி எப்படியோ கசிந்து, கடைசி வாரத்தில் வகுப்பே திரண்டு புங்கமரத்தடியில் என்னை வழிமறித்தது. நெட்டைப் பையன் முன்னால் நின்றான்.

"நீங்க போறீங்கன்றாங்க. நிஜமா மிஸ்?"

எனக்கு அடக்க முடியவில்லை. "செய்யறதையும் செஞ்சிட்டு எங்கிட்டயே கேக்கறீங்களாடா? ஒண்ணு போட்டீங்களேடா, பாவிங்களா! ஒருத்தனுக்காவது மனசாட்சி இருந்துதா?"

அவன் முகம் மலர்ந்ததே, இப்போதும் கண்ணில் நிற்கிறது. "ஆமா மிஸ், ஒண்ணுதான்! ஒருத்தனும் மாத்திப் போடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தோம். நீங்க ஒண்ணாம் செலக்‌ஷன் மிஸ்!"

"அப்போ அவருக்கு அஞ்சு?"

"கழிவு மிஸ். அஞ்சுக்குக் கீழ நம்பர் இல்ல, இருந்தா அதையும் போட்டிருப்போம்."

தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். டேனரிகளில் பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பழுதே இல்லாதது ஒண்ணாம் செலக்‌ஷன். உண்ணி கடித்த தழும்பு, கத்திக் கீறல் என்று பழுது ஏற ஏற எண்ணும் ஏறும். அந்த ஊரில் தோலை மட்டுமா அப்படிச் சொல்வார்கள்? பிரியாணி அரிசி ஒண்ணாம் செலக்‌ஷன், பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மூணாம் செலக்‌ஷன். கலவையிலிருந்து வந்த எனக்கே இரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த பையன்களிடம், எது உசத்தி என்று சொல்லாமல், ஒன்று முதல் ஐந்து வரை கிரேடு போடு என்றால் அவர்கள் வேறு எப்படிப் போடுவார்கள்?

சரி, தெரிந்துவிட்டது, சரி செய்துவிடலாம் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் அசட்டுத்தனம். பையன்கள் பின்னால் வர, பிரின்சிபாலை இழுத்துக்கொண்டு கமிட்டிச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். செயலாளர் ஒரு டேனரி முதலாளி. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடடடா! கரெக்டாத்தானே போட்டிருக்கானுங்க! நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கொண்டுவரச் சொன்னார். அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். "ஆனா இன்னா பண்றதும்மா? கமிட்டில கையெழுத்து ஆயிடுச்சி. சாருக்கு சால்வையும் போட்டாச்சி. புது ஆளுக்கு ஆர்டர் போயிடுச்சி. கப்பல் ஏறின சரக்கைத் திரும்பி வான்னு கூப்பிட முடியுமா?"

"பசங்க வெளியதான் நிக்கறாங்க. ஜன்னலைத் தொறந்து நீங்களே கேளுங்க."

வெளியிலிருந்து பையன்கள் கேட்காமலேயே கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், மிஸ் வேணும், மிஸ் வேணும் என்று. பிரின்சிபால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அது முறை இல்லைம்மா. பேர் போடாம, தனித்தனியா எழுதிக் கொடுத்தாத்தான் அது அபிப்பிராயம். இப்படிக் கூட்டமா வந்து வாயால சொன்னா அது ஸ்ட்ரைக்."

நான் அந்தக் காபியைத் தொடவில்லை. ஒரு வகுப்பே தொண்டை கிழியக் கத்துகிறது. மாணவர்கள் மனதை அறியவென்றே கடல் கடந்து போய்க் கற்று வந்தவர் ஜன்னலைச் சாத்துகிறார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

கலவைக்குப் போய் இறங்கினேன். ரேழியில் அந்தக் கோணி அப்படியே சாய்த்து வைத்திருந்தது. அம்மா என் கையில் இருந்த பெட்டியையும் என் முகத்தையும் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் கோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பசங்களுக்கு உன்ன புடிக்கலியாடி?"

"ரொம்பப் புடிச்சுதும்மா. அதான் போச்சி."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மறுபடியும் விளக்க வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டாள். அம்மா கோணியைத் தைத்திருந்த நூலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று எழுந்து போனாள்.