கண் மட்டத்தில் நான்காம் பக்கம்

கரண்டியைத் தூக்கிப் பிடித்து, பசை நூலாக இறங்குகிறதா என்று பார்க்கிறார். கட்டியாக விழுகிறது. இன்னும் அரை டம்ளர் தண்ணீர். வேளாண் அலுவலகத்தின் பின்கட்டில் மைதா காய்ச்சும் இந்த அம்மாள் அங்கே கடைநிலை ஊழியர். ஊருக்கு அவர் பசையம்மா. கடைசியாக ஒரு சிட்டிகை மயில்துத்தம், அந்த நீல நச்சு உப்பு. "போட்டா மாடு திங்காது. மனுஷன் சுரண்டினா நகம் நீலமாயிடும்." இரண்டாவது காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

எந்த விவசாயிக்கு எதற்காக எவ்வளவு மானியம் போயிற்று என்ற பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. எங்கே என்று விதி சொல்லவில்லை. இவருக்கு முன்னால் இருந்தவர் அதை வாசற்கதவுக்குப் பின்னால் ஒட்டினார். கதவு திறந்திருந்தால் பட்டியல் தெரியாது. கதவைச் சாத்தினால் ஆபீஸே கிடையாது. பதினோரு ஆண்டுகள் இப்படி ஒளிவுமறைவின்றி நடந்தது.

பசையம்மா வந்த வருடமே பட்டியல் வெளிச்சுவருக்கு வந்தது, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டு பக்கமும் ஒரே வரிசையில், அவருடைய கண் மட்டத்தில். உயரம் ஐந்தடிக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்று சொல்ல மாட்டார். வயதையும் சொல்ல மாட்டார். சம்பளம் எவ்வளவு என்று கட்டிய கணவருக்கே தெரியாது.

"அது என் காசுங்க. இது எல்லார் வீட்டுக் காசு. ரெண்டும் ஒண்ணா? போன வருஷம் தரிசு நிலத்துக்கு உரப் பணம் வாங்கினவரு, இந்தச் சுவரப் பாத்து நாலு பேர் கேட்டதும் திருப்பிக் கட்டிட்டாரு. இந்த மாதிரி சுவர் வேற எந்த ஆபீஸ்ல இருக்கு, பாத்துட்டு வந்து சொல்லுங்க."

இந்த ஆண்டு நான்காம் பக்கத்தில் அவருடைய அண்ணன் பெயர். சொட்டுநீர்க் குழாய்க்கான மானியம், முறைப்படி வந்ததுதான். ஆனால் "கவர்மென்ட் காசு ஒத்தப் பைசா என் வயல்ல படாது" என்று இருபது ஆண்டுகளாக டீக்கடையில் மார்தட்டி வருபவர் அண்ணன். நேற்று மாலை தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்த ஒரு பக்கத்த மட்டும் கொஞ்சம் மேல ஏத்தி ஒட்டேன்."

"மேல ஒட்டினா யாருக்கும் தெரியாதேண்ணே."

"பின்ன எதுக்குச் சொல்றேன்?"

"கண்ணு மட்டத்துலதான் வரும்."

"அப்ப இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். பாத்துக்க."

பிறந்த வீடென்று பசையம்மாவுக்கு மிச்சமிருப்பது இந்த ஒருவர்தான். அதைச் சொல்லும்போது மட்டும் கரண்டி நிற்கிறது.

பத்து மணிக்கு ஒட்டத் தொடங்கினார். ஒட்டிய தாளின் மேலும் ஒரு கை பசை இழுப்பது அவர் வழக்கம். பன்னிரண்டையும் முடித்துத் திரும்பினால், நான்காம் பக்கத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு அண்ணன், பேருந்துக்குக் காத்திருப்பவர்போல. அவருடைய பைக் எதிரிலேயே நின்றது. மூன்றையும் ஐந்தையும் படித்து முடித்த கூட்டம் நான்குக்காகக் காத்திருந்தது.

"என்ன மாமா, பஸ் போயிடுச்சே" என்றது ஒரு குரல்.

"அடுத்ததுல போறேன்."

"அண்ணே, தள்ளி நில்லு. காயணும்."

"காயட்டுமே. நானா தடுக்கிறேன்?"

"நீதான் தடுக்குற."

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், ஓரடி நகர்ந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் நீலம் பாய்ந்த பசை, உள்ளங்கை அகலத்துக்கு. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பசையம்மா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாளியில் கிடந்த துணியைப் பிழிந்து, முதலில் அண்ணனின் முதுகைத் துடைத்தார். பிறகு துணியை மறுபக்கம் திருப்பி, எழுத்து தெளிவாகத் தெரியும்படி அவர் பெயர் இருந்த வரியை.