மூன்றாவது மாடி எலுமிச்சை

செடி விற்கும் ஒரு நர்சரியில் நான் வண்டி ஓட்டுகிறேன். தொட்டி, மண் மூட்டை, மரக்கன்று எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அங்கே போன் எடுக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் விரலக்கா. யார் என்ன கேட்டாலும், "மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாத்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். இலை மஞ்சளாகிறதா, விரல். மொட்டு உதிர்கிறதா, விரல். ரெண்டு கணு ஆழத்துக்கு ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றலாம். அவ்வளவுதான் வைத்தியம். அதைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்கா பிறவித் தோட்டக்காரி இல்லை. பதினெட்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அங்கே எல்லாம் தானியங்கி ஆனதும் வேலை போயிற்று. "போன்ல பொறுமையா பேசத் தெரிஞ்ச ஆள்" தேவை என்று எங்கள் முதலாளி தேடியபோது வந்து சேர்ந்தார். முதல் வருஷம் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இலையை வைத்து வித்தியாசம் சொல்லத் தெரியாது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, நிழல்வலைக் கூடாரத்துக்கு ஓடுவார். அங்கே எங்கள் தோட்டக்காரர் குந்தியிருப்பார். அவர் வாயிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் வராது. "எறும்பு இருக்கா கேளு" என்பார். ஓடிவந்து கேட்பார். "இருக்காம்." "அப்ப அசுவினிப் பூச்சி. சோப்புத் தண்ணி." இப்படி ஓடி ஓடியே கற்றுக்கொண்டார். தக்காளிக் காயின் அடி கறுத்துப்போனால் அது பூச்சி இல்லை, ஒரு நாள் கொட்டி ஒரு நாள் காயப்போடுவதால் வருவது. வேப்பெண்ணெய் அடித்தால் வெயில் தாழ்ந்த பிறகுதான், உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துபோகும். இந்த மாதிரி பதினோரு வருஷத்தில் அவருக்குத் தெரியாதது கொஞ்சம்தான்.

தெரிந்து என்ன பயன்? ஒருநாள் ஒருத்தர் பிளாஸ்டிக் பையில் ஒரு தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செடி வெந்த கீரை மாதிரி கிடந்தது. பையின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

"உங்க செடி செத்துப்போச்சு" என்றார் அவர்.

அக்கா மண்ணில் விரலை விட்டு எடுத்தார். விரல் சேற்றோடு வந்தது. "தெனமும் ஊத்துறீங்களா?"

"காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன்."

"இது வாரத்துக்கு ஒரு தடவ போதும்னு வாங்கும்போதே சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா பாவமா இருந்துச்சு. மருந்து ஏதாவது கொடுங்க."

அக்கா மருந்து தரவில்லை. வந்தவர் நேராக உர அலமாரிக்குப் போய், தானே ஒரு பாட்டிலை எடுத்து வாங்கிக்கொண்டு போனார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாவமாம்! பாவம் பாவம்னே மூழ்கடிச்சுக் கொல்றாங்க தம்பி" என்றார் என்னிடம்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் அது நடந்தது.

அக்கா வீடு மூன்றாவது மாடி. ஆள் படுத்தால் கால் நீட்ட முடியாத பால்கனி. அதில் ஒரு நீல டிரம்மில் எலுமிச்சை மரம். நர்சரியில் கோணலாக வளர்ந்தது என்று ஒதுக்கிய ஒட்டுக்கன்று அது. கிடைத்த சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டி, அதிலிருந்து டிரம் என்று ஆறு வருஷம் வளர்த்தார். டிரம்மின் அடியில் ஆறு துளை போட்டுக் கொடுத்தது அவர் கணவர். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அளவெடுத்து, பிசிறு தேய்த்து, செங்கல் மேல் ஏற்றிவைத்தது எல்லாம் அவர்தான். மூன்று வருஷமாக மரம் காய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு காய் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். அன்றைக்கு மட்டும் போனில் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே எலுமிச்சையின் கீழ் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன.

அக்கா முதலில் பதறவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தார், பூச்சி இல்லை. கூடாரத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பார்த்தார், சிலந்திப் பேனும் இல்லை. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. இங்கே மஞ்சளானது பழைய இலை. விரல் விட்டுப் பார்த்தார். ஈரம். மேகமூட்டமான நாட்கள், அதனால் காயவில்லை என்று தண்ணீரை நிறுத்தினார். ஐந்து நாள் கழித்தும் ஈரம். பத்து நாள் கழித்தும் ஈரம். பதினோராவது நாள் பிஞ்சுகள் உதிர்ந்து தரையில் கிடந்தன.

நர்சரியில் அவர் பேச்சு வெடுக்கென்று ஆனது. போனில் ஒரு அம்மா, "என் மல்லிகை இலையெல்லாம் கொட்டுதுங்க" என்றால், "கொட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். தோட்டக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "தண்ணி அதிகம்" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்! "எனக்கே அதச் சொல்றீங்களா? நான் ஊத்தி ரெண்டு வாரமாச்சு!" அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஒரு மதியம் அக்கா வீட்டுத் தெருவிலேயே எனக்கு ஒரு லோடு இருந்தது. அக்காவுக்குத் தலைவலி, சீக்கிரம் கிளம்பியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் குடிக்கலாம் என்று நானும் மாடி ஏறினேன். கதவைத் திறந்தால், மாமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு வாளியைத் தூக்கி டிரம்மில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"ஏசித் தண்ணி. சும்மா சொட்டி வீணாப் போகுது. நல்ல சுத்தமான தண்ணி."

"எத்தன நாளா?"

"வீட்ல உக்காந்ததுலேருந்து. தெனமும் ஒரு வாளிதான்."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தாள். அவளிடமும் கேட்டாராம். "மிச்சத் தண்ணிய பாட்டில்லேருந்து ஊத்துவேன். வாடிக் கிடந்துச்சு, யாரும் கவனிக்கலயேன்னு. கொஞ்சம்தாம்மா" என்றிருக்கிறாள். வேர் அழுகினாலும் செடி வாடும். அதைப் பார்த்தால் தாகம் போலவே இருக்கும். இதை அக்கா ஆயிரம் பேருக்குப் போனில் சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டில் சொன்னதில்லை.

அடுத்த நாள் என்னிடம் கொட்டித் தீர்த்தார். "ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்றேன் தம்பி. வீட்ல இருக்கிற ரெண்டு பேரு காதுல ஏறல. இவரு ஊத்துறது அவளுக்குத் தெரியாது, அவ ஊத்துறது இவருக்குத் தெரியாது. நான் நடுவுல பூதக்கண்ணாடிய வச்சிக்கிட்டுப் பேன் தேடிட்டு இருக்கேன்!" எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டிரம் பக்கம் யாரும் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டார். ரெண்டு வாரம் போயிற்று. மண் காயவில்லை. மாமா சத்தியம் செய்தார், மகள் சத்தியம் செய்தாள். அக்கா யாரையும் நம்பவில்லை. வாளியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அப்படியும் ஈரம். இப்போது டிரம்மிலிருந்து ஒரு வாடை வேறு. தண்ணீர் மாற்றாத பூ ஜாடி மாதிரி.

"தம்பி, நாளைக்கு வந்து அத ஒரு பக்கம் சாய்ச்சுக் கொடு" என்றார். நானும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து பிடித்தோம். டிரம் கல்லாய்க் கனத்தது. மெல்லச் சாய்த்ததும் அக்கா தரையில் படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆறு துளையிலும் ஆறு ரப்பர் அடைப்பான். ஒவ்வொன்றைச் சுற்றியும் அழகாக, சீராக, பசை பூசியிருந்தது.

"இது யாரு வேலை?" குரல் தரையிலிருந்து வந்தது.

மாமா கதவோரம் நின்றிருந்தார். "நான்தான். நீ சட்டம் போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கீழ் வீட்டம்மா வந்து கத்திட்டுப் போனாங்க, காயப்போட்ட துணியில சேத்துத் தண்ணி சொட்டுதுன்னு. நீ வேலை முடிஞ்சு களைச்சு வருவ, உனக்கெதுக்குத் தொந்தரவுன்னு நானே முடிச்சேன். மக வந்து சாய்ச்சுப் பிடிச்சா." பிறகு, ஃபிட்டர் புத்தி போகாமல், "ஒரு சொட்டு லீக் ஆகாது" என்றார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஆகலங்க. ஒரு சொட்டுகூட ஆகல" என்றார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. மாமா உள்ளே போய்விட்டார்.

அடைப்பானைப் பிடுங்கியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. கீழே துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டை தனிக் கதை. மரத்தை வெளியே இழுத்தோம். நல்ல வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். இது கறுத்து, தொட்டால் தோல் உரிந்து நூல் மாதிரி கையோடு வந்தது. அக்கா கத்தரியைக் கொதிநீரில் கழுவி, அழுகியதையெல்லாம் வெட்டினார். முக்கால்வாசி போயிற்று. வேர் குறைந்த மரத்தால் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது என்று கிளைகளையும் குறைத்தார். மணல் கலந்த புது மண், சின்னத் தொட்டி, நிழலான மூலை. உரம் கூடவே கூடாது. ஒவ்வொன்றையும் செய்யும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தார், போனில் யாருக்கோ சொல்வது போல. நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த இலையும் கொட்டிப்போய் ஐந்து வாரம் வெறும் குச்சியாக நின்றது. பிறகு ஒருநாள் காலை மாமா நர்சரிக்கே போன் செய்தார். அக்கா கூடாரத்தில் இருந்ததால் நான் எடுத்தேன். "துளிர் விட்டுடுச்சு! ரெண்டு! சொல்லு அவகிட்ட!" அக்கா அன்று மதியமே என்னோடு வண்டியில் ஏறினார். வழியெல்லாம் முகம் மலர்ந்திருந்தது.

தொட்டியின் முன்னால் குனிந்தவர் முகம் மெல்லச் சுருங்கியது. துளிர் வந்தது தண்டின் அடியில், ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே. நீள முள். மூன்று மூன்றாகப் பிரிந்த இலை. ஒட்டுக்கன்றில் வேர் ஒரு காட்டு வகையுடையது, மேலே இருப்பதுதான் எலுமிச்சை. மேலே நகத்தால் சுரண்டினார். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, வைக்கோல் நிறம்.

"நல்லா வருதுல்ல?" என்றார் மாமா பின்னாலிருந்து.

"இது எலுமிச்ச இல்லங்க. எலுமிச்ச செத்துப்போச்சு. இது வேர்லேருந்து வர்ற காட்டுச் செடி. வாயில வைக்க முடியாது."

மாமா அந்த ரெண்டு துளிரையும் பார்த்தார். "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்றார்.

"தெரியும். அதான் என்னால திட்டக்கூட முடியல" என்றார் அக்கா.

அன்று இரவு அதைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். காலையில் தொட்டியோடு என் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நேராகக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்த் தோட்டக்காரர் முன்னால் வைத்தார். வேர் பிழைத்திருக்கிறது, துளிர் பென்சில் தடிமன் ஆனதும் நல்ல எலுமிச்சை மரத்திலிருந்து ஒரு கண்ணை, அதாவது இலைக்காம்படியில் இருக்கும் மொட்டை, எடுத்து ஒட்டிக் கட்டலாம் என்றார் அவர். அவரிடமிருந்து அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் வந்து நான் கேட்டதில்லை. முதல் கண் கறுத்து உதிர்ந்தது. ரெண்டாவது மழையில் நனைந்து அழுகியது. மூன்றாவதை அக்காவே கட்டினார், தோட்டக்காரர் சொல்லச் சொல்ல. அது பிடித்துக்கொண்டது.

போனில் இப்போது அவர் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "வீட்ல வேற யாரெல்லாம் தண்ணி ஊத்துறாங்க?" என்பார். பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள், மீதிப் பேர் யாரும் இல்லை என்று சாதிக்கிறார்கள். எல்லாரும் கடைசியில் மருந்துதான் கேட்கிறார்கள்.

கால் சரியான பிறகு மாமா ஒருநாள் நர்சரிக்கு வந்தார். ஒட்டுக் கட்டிய செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "இது எப்பக் காய்க்கும்?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷந்தானே" என்றார் மாமா.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் உள்ளே போன் அடித்தது. எடுக்கப் போய்விட்டார்.