முழங்கால் என்று சொல்லி மறைத்த நோய்

மலாக்காவின் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஓடிப் பழகிய ஒரு மாலையில், வலது தொடையின் மேல்மடிப்பில் நெல்லிக்காய் அளவு வீக்கம் கண்டேன். படுத்தால் மறைந்தது, இருமினால் வந்தது. குடலிறக்கம் (வயிற்றுத் தசை நலிந்த இடத்தில் குடல் பிதுங்கி வெளிவருதல்) என்ற பெயரைப் பின்னரே அறிந்தேன். உடம்பின் அப்பகுதியைப் பற்றி எங்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களில் எவரும் பேசுவதில்லை. இதே வீக்கத்தை மறைத்து வைத்திருக்கும் ஆண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள். மலாக்காவில் நான் ரக்பி ஆடினேன். இங்கிலாந்தில் ரக்பி லீக் ஆடுவோருக்குச் சம்பளம் உண்டென்று கேள்வி. எங்களுக்கு அது இல்லை. ஆயினும் கல்லூரிப் படிப்பு வாங்கித் தராத அரசாங்க எழுத்தர் (கிராணி) பதவியை எனக்கு ஆட்டமே வாங்கித் தந்தது. ஆகவே அது என் தொழிலும்கூட.

முதலில் ஓரத்தில் ஓடும் விங். விரைந்தால் வீக்கம் வெளியே பிதுங்கியது. நடுவில் ஆடும் சென்டர் இடத்தைக் கேட்டு வாங்கினேன். அங்கே மோதல் அதிகம்; எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் ஆனேன். பின்வரிசையில் எங்கு நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் என்று ஊர் புகழ்ந்தது. அப்புகழை நான் மறுக்கவில்லை.

காற்சட்டைக்குள் துணிப்பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டுவேன். அதைத் துவைத்து, வெளிக்கொடியில் போடாமல் அறைக்குள்ளேயே உலர்த்தியவள் என் மனைவி செல்லம்மா. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டாக்டரிடம் போகாததற்குக் காரணம், நகரத்து மருத்துவமனையில் இருந்த டாக்டர் அவளுடைய ஒன்றுவிட்ட தமையன் என்பதே.

ஜாசின் என்ற ஊரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து மைதானத்தில், பந்தோடு வந்தவனை மடக்கி வீழ்த்தினேன். பின் எழ முடியவில்லை. வீக்கம் கல்லாகி, உள்ளே போக மறுத்தது. எங்கே வலி என்று கேட்டார்கள்.

“முழங்கால்,” என்றேன்.

தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) முழங்காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, லாரியில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் வாந்தி.

“என்னா கிராணி ஐயா, கால்ல அடிபட்டா வயித்துக்கு என்னா வந்துச்சு?” என்றார் லாரிக்காரர்.

“வெயில்,” என்றேன்.

தோட்டத்திலிருந்து தொலைபேசியில் செய்தி போய், மருத்துவமனைக்குச் செல்லம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். டாக்டர் கட்டை அவிழ்த்துக் காலை மடக்கி நீட்டினார்.

“மச்சான், இந்தக் காலோடை நீ யாழ்ப்பாணம் மட்டுக்கும் நடந்து போகலாம். எங்கை நோகுது எண்டு சொல்லு.”

நான் போர்வையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டேன்.

“வயித்துக்குக் கீழை, அண்ணை. கனகாலமாப் பட்டி கட்டிறார்,” என்றாள் செல்லம்மா.

அவர் போர்வையை விலக்கினார். குடல் நெரிபட்டிருந்தது (இரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும் நிலை). “காலெண்டு சொல்லிக்கொண்டே சாகப் பாத்தனியோ?” என்றார்.

குளோரோஃபார்ம் (நினைவிழக்கச் செய்யும் மருந்து) கொடுத்து அறுத்தார்கள். மறுநாள் நினைவு தெளிந்ததும் செல்லம்மாவிடம் நான் கேட்டது உயிரைப் பற்றியல்ல.

“ஆருக்கும் சொன்னனியே?”

“இல்லை. வாற சனமெல்லாம் முழங்காலுக்கு எண்ணெய் கொண்டு வருகுது. போத்தல் வைக்க இடமில்லை.”

ஆட்டம் அத்தோடு முடிந்தது. பெயரைக் காக்க வேண்டி, வெளியே நொண்டி நடந்தேன். கோயில் வாசலில் செல்லம்மா மெல்லச் சொன்னாள்: “இஞ்சருங்கோ, நேற்று இடக்கால், இண்டைக்கு வலக்கால். ஏதாவது ஒண்டைப் பிடியுங்கோ.”

வலக்காலைப் பிடித்துக்கொண்டேன். ஊர் அனுதாபப்பட்டது.

வீக்கம் கண்ட அன்றே காட்டுங்கள். டாக்டர் உறவினராயினும் காட்டுங்கள். தையல் ஆறிவிடும். எனக்கும் ஆறியது. அடியே படாத கால்தான் ஆண்டுக்கணக்கில் ஊன்றாமல் மெலிந்தது.

இப்போது வீட்டில் எவரும் இல்லாத வேளையில் நேராக நடந்து பார்க்கிறேன். உடல் தானாகவே வலப்பக்கம் சாய்கிறது. இளமையில் நான் எப்படி நடந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. கேட்கலாமென்றால், அதைப் பார்த்திருந்த செல்லம்மாவும் இன்று இல்லை.