சவேதா வாங்கிக் கொடுத்த கையெழுத்துகள்

காலை ஏழரைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டுச் சன்னலாவது தட்டப்பட்டால் அது சவேதாதான். என் சித்தப்பா மகள். பள்ளிக்கும், ருமேனியாவில் ஜிப்சிகள் என்று ஒதுக்கப்படும் எங்கள் ரோமா குடும்பங்களுக்கும் நடுவே பேசுவதற்கென்று அமர்த்தப்பட்டவள். "எழுப்புடி பிள்ளையை! நீ தூங்குறதுக்கு அது ஏன் லீவு போடணும்?" என்று வெளியே நின்று கத்துவாள்.

ஆனால் பிள்ளைகள் போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் எங்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. இரண்டு வருடம் தலைமையாசிரியை ஒல்தியானுவிடம் நடையாய் நடந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ரோமா வகுப்புக்குச் சம்மதம் வாங்கினாள். எங்கள் மொழி, பாட்டு, எங்கள் முன்னோர் இதே மண்ணில் அடிமைகளாக விற்கப்பட்ட கதை.

"பெற்றோர் கையெழுத்து வேணும், சவேதா," என்றார் தலைமையாசிரியை.

முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினாள். ஸாம்பிலா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"காகிதத்துல பேரு கொடுத்து நமக்கு என்னைக்குடி நல்லது நடந்திருக்கு?"

"என்னை நம்புக்கா. நான் இருக்கேன்ல?"

ஸாம்பிலா கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் பனி முழங்கால் வரை கிடந்தும் பிள்ளைகள் போனார்கள். ஸாம்பிலாவின் மகள் நார்சிசாவிடம் ருமேனியப் பிள்ளைகள் எங்கள் மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. வாசலில் ஒட்டிய பட்டியலில் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் தனிப் பிரிவு. இடம், முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடம். சவேதா உள்ளே ஓடினாள். அந்தப் பள்ளியில் துப்புரவு வேலை எனக்கு; கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"ரோமா வகுப்பு வேணும்னு பெற்றோரே கையெழுத்துப் போட்டிருக்காங்களே. நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

"வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தானே மேடம் கேட்டோம்!"

"எங்க பிள்ளைங்களோட சேர்த்து உட்கார வைக்காதீங்கன்னு மத்த பெற்றோர் சும்மா விட மாட்டேங்கிறாங்க. புரிஞ்சுக்கோங்க."

வெளியே ஸாம்பிலா கத்தவில்லை. "எவ்வளவு நல்லா பேசினடி நீ," என்றாள். நார்சிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சவேதா தன் பெயரிலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். விசாரிக்க அதிகாரி வந்த நாளில் சாட்சி சொல்ல ஒரு தாயும் வரவில்லை. மறுபடி அவள் பேச்சை யார் கேட்பார்கள்? தலைமையாசிரியை சொன்னதைக் காதால் கேட்ட ஒரே ஆள் நான். வேலை போய்விடும் என்று நானும் பின்கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். புகாரை மூடிவிட்டார்கள்.

சவேதா வேலையை விட்டாள். போகும்போது என்னிடம் வந்து நின்றாள்.

"அந்தம்மா செஞ்சதைக்கூட தாங்கிக்கிட்டேன். நீ உள்ளேதானே இருந்தே?"

நான் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தேன். இப்போது அவள் பக்கத்து ஊர் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். நார்சிசா பிறகு பள்ளிக்குப் போகவே இல்லை.