படம் தரமாட்டேன் என்று நின்றேன்

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தான். மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அந்தக் கொஞ்சத்தை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். எனக்கோ அந்தக் கொஞ்சம்தான் உயிராக இருந்தது.

பிறந்த பதினோராம் நாள் பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என்னையும் என் கணவரையும் கூப்பிட்டு, பிள்ளையின் இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, கொடுக்கிற மருந்து கேட்கவில்லை என்றார். கேட்கக்கூடிய மருந்துக்கு அப்போது நாட்டிலேயே தட்டுப்பாடு. கொழும்பில் ஒன்றிரண்டு தனியார் கடைகளில் மட்டும் இருந்தது. பத்து நாளைக்குத் தேவை. விலையைக் கேட்டதும் என் கணவர் சுவரில் சாய்ந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரின் ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் எட்டாது.

மாரியம்மாவை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். பெயர் செல்வி. கணவர் எல்லவில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் துணி துவைக்கிறார். எங்கள் தோட்டத்து முத்துமாரியம்மாள்தான் எங்களுக்கு எல்லாம். ஆனால் அன்று அவளிடம் நான் கேட்டதில் பாதி தப்பு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கணவரோடு வேலை செய்கிற மோகன், பேஸ்புக்கில் போட்டு உதவி கேட்கலாம் என்றார். எல்லாம் எழுதியும் கொடுத்தார். பிள்ளையின் படம் மட்டும் வேண்டும் என்றார். போன மாதம்தான் யாரோ பழைய ஆஸ்பத்திரிக் கடுதாசியைக் காட்டி டவுனில் காசு சேர்த்துக்கொண்டு ஓடியிருந்தார்கள். அதனால் முகத்தைப் பார்க்காமல் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் முடியாது என்றேன். பிடிவாதத்தில் என்னை அடிக்க எங்கள் லயத்து வீடுகளில் ஆள் கிடையாது.

காரணம் இருந்தது. இவனுக்கு மூத்தவள் ஒருத்தி. அவள் வயிற்றில் இருந்தபோது வளைகாப்புக்குப் புதுச்சேலை கட்டி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தேன். ரெட்டைப் பிள்ளையா என்று கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதிலிருந்து பதினைந்தாம் நாள் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. டொக்டர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். இந்த முறை ஐந்து மாதம் வரைக்கும் பெரிய ஸ்வெட்டர் போட்டு மறைத்தேன். கூடக் கொழுந்தெடுத்தவர்களுக்கே தெரியாது. அப்படிப் பொத்திவைத்த பிள்ளையை, மூக்கில் குழாயும் காலில் ஊசியுமாகக் கிடக்கிற நிலையில், ஊர் உலகத்துக்குக் காட்டச் சொன்னால்?

“மொகத்தப் பாக்காம யாரும் நம்பமாட்டாங்களாம் செல்வி,” என்றார் என் கணவர்.

“ஒரு கண்ணுக்கே மூத்தவ தாங்கல. இவன எத்தன கண்ணுக்குங்க காட்டுறது?”

 அவர் ஆஸ்பத்திரிக் கடுதாசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஹாலிஎலச் சந்தைக்குப் போனார். கடுதாசி இங்கிலீசில் இருந்தது. சிலர் கொடுத்தார்கள். சிலர் பிள்ளையின் படமாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் மேலும் கீழும் பார்த்திருக்கிறார்கள். கள்ளனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள் என்று பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அன்று சேர்ந்தது ஒரு நாள் மருந்துக்கும் காணாது.

பதின்மூன்றாம் நாள் பிள்ளையின் நிறம் சாம்பலாகிவிட்டது. டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

“நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள அந்த மருந்து தொடங்கோணும் அம்மா. பிந்தினா எங்கட கையில இல்ல.”

தீட்டு கழியாததால் கோயில் பக்கமே போக முடியாது. பிள்ளை படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, கண்ணை இறுக்க மூடிக் கையெடுத்தேன். தாயே, இவனைக் காப்பாற்று. எந்தக் கண்ணும் இவன்மேல் படாமல் காப்பாற்று. இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

திடீரென்று யாரோ என்னை இடித்துக்கொண்டு வந்தார்கள். கண்ணைத் திறந்தேன். ஆஸ்பத்திரி வாட்டின் அந்தக் கோடியில் இன்னொரு பிள்ளைக்குப் பால் ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸி, பெட்டிக்குள் கையை விட்டு என் மகனின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தார். அவன் நீலம் பாய்ந்து கிடந்தான். மெஷின் அதற்குப் பிறகுதான் கத்தியது. இரண்டு சுண்டு, மூன்று சுண்டு. நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போட்டது. மூச்சு வந்துவிட்டது.

நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன். பெற்றவள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடியிலிருந்த மிஸ்ஸிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும்.

“பாத்துட்டே இருக்கணும் அம்மா,” என்றார். “பாக்க இல்லன்னா போய்டும்.”

 கண்ணே படக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், ஒரு கண் பட்டதால்தான் என் பிள்ளை பிழைத்தான். ஆயிரம் கண்ணுடையாளே என்று சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிறேன். அந்தக் கண்களை அவள் யார் யார் முகத்தில் வைத்திருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அழுதேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வெளியே ஓடி என் கணவரைக் கூட்டிவந்தேன்.

“எடுங்க. மொகம் தெரியிற மாதிரி எடுங்க.”

பெரிய மிஸ்ஸியிடம் கெஞ்சி, வெளிச்சம் அடிக்காமல் ஒரே ஒரு படம் எடுக்க அனுமதி வாங்கினோம். மோகன் அதை உடனே போட்டார்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்க்கச் சொன்னேன். கண்ணும் பட்டது, காசும் வரவில்லை என்று என் பழைய புத்தி உள்ளே இருந்து புலம்பியது. அப்புறம் போன் அடிக்கத் தொடங்கியது. எல்லவிலிருந்து, பெரகலக் கடைகளிலிருந்து, பெயர்கூடக் கேட்டிராத தோட்டங்களிலிருந்து. என்னோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் லயம் லயமாகப் போனில் படத்தைக் காட்டிச் சேர்த்தார்கள். கொழும்பில் வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணும் பேசினாள். பெரகலப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, முன்பின் தெரியாதவள்.

“மருந்துச் சீட்ட படம் புடிச்சு அனுப்புங்கக்கா. கட பூட்டுறதுக்குள்ள நான் போறேன்.”

சேர்ந்த பணத்தை மோகன் அவளுக்கு அனுப்பினார். மூன்று நாள் மருந்தை வாங்கி பதுளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் என் கணவர் பதுளை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். பஸ் வரவில்லை. பெரகலைக்கு மேலே மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். மத்தியானத்துக்கு முன் திறக்காது என்றும் சொன்னார்கள். பின்னேரத்துக்குள் என்று டொக்டர் அம்மா சொன்னதை அவர் எனக்குப் போனில் ஞாபகப்படுத்தவில்லை. நானும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. நான் பெட்டியைவிட்டு அசையவே இல்லை. இந்த முறை கண்ணை மூடாமல்தான் வேண்டினேன்.

அந்தக் கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் படத்தை அவரும் பார்த்திருக்கிறார். பார்சலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் அந்த மண்சரிவை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்திருக்கிறார். ஆட்டோக்காரர் ஒரு சதம்கூட வாங்கவில்லை. பதினொரு மணிக்கு மருந்து டொக்டர் அம்மாவின் கையில் இருந்தது.

மருந்து தொடங்கி நான்காம் நாள் நிறம் திரும்பியது. அதற்குள் மிச்ச மருந்துக்கும் பணம் சேர்ந்துவிட்டது. போதும், இனி அனுப்பாதீர்கள் என்று மோகன் எழுதிப் போட்டார். அதற்குப் பிறகும் வந்ததைப் பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போதும் பனிக்காலம் வந்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும், எனக்கு உயிர் போய் வரும். கவலை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தனியாகக் கவலைப்படுகிற வழக்கத்தை விட்டுவிட்டேன். நெஞ்சு லேசாக இரைந்தால்கூட முதலில் அம்மாவைக் கூப்பிடுவேன், அடுத்து லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவர்களைக் கூப்பிடுவேன். இதைப் படிக்கிற தாய்மாரே, நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டியதை வாய்விட்டு நாலு பேரிடமும் சொல்லுங்கள். அவள் யாரை அனுப்புவாள் என்று நமக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த அன்று ஆட்டோவைவிட்டு இறங்கினேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் வேலை முடிந்து வந்து நின்றார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை. எனக்குக் கண் பயம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தங்கள் கண் பட்டுவிடக்கூடாது என்று அத்தனை பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை அவனுக்காகக் கொடுத்தவர்கள் அவர்கள்.

 அங்கேயே நின்று அவன் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினேன்.

“வாங்க, வந்து பாருங்க,” என்றேன். “நீங்க பாத்துதான் இவன் இருக்கான்.”