தலையணைக்குச் சொன்ன வரிகள்

போன வாரம் செங்கம் ரோட்டோரம் ஒருவர் இலவம்பஞ்சை உறைக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கு பறந்துவந்து என் சட்டையில் ஒட்டியது. தட்டிவிடத் தோன்றவில்லை. பஞ்சுக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வெயிலில் காய்ந்த தூசியில் துளி எண்ணெய் கலந்த மாதிரி. அந்த வாசனையைக் காதலியாக நினைத்து நான் மேடையில் அழுதிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறாம் வருஷம். ஆங்கில இலக்கியம், கடைசி வருடம். கல்லூரி விழாவுக்குப் பழைய ஆங்கிலச் சோக நாடகம் ஒன்று, முழுக்கச் செய்யுள். அந்த நாடகத்து மனிதர்கள் விசித்திரமானவர்கள். விஷம் குடித்த பிறகும் அடி பிசகாமல் பேசுவார்கள். கடைசியில் காதலி செத்துக் கிடப்பாள், காதலன் தலைமாட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புலம்புவான். காதலன் நான். காதலி, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் தேன்மொழி. தமிழில் அவளிடம் மணி கேட்பதற்குமேல் பேசாதவன், ஆங்கிலத்தில் உயிரையே தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் நடிப்பு கம்மி.

ஒத்திகை பார்க்க அவள் அம்மா வந்தார். காதல் காட்சிகளை முறுக்கு தின்றபடி ரசித்தார். மகள் பெஞ்சில் கண்மூடிப் படுத்ததும் எழுந்துவிட்டார்.

"லவ்வு கிவ்வு எது வேணா பேசிக்கட்டும் சார், இங்கிலீசுதானே. பொணமா மட்டும் படுக்க வேணாம். மாப்ள பாக்கற வீடு."

பேராசிரியர் கெஞ்சியும் நடக்கவில்லை. விழாவன்று ஹாஸ்டல் தலையணைகளை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெஞ்சில் கிடத்தினார்கள். வரி மறந்தால் எடுத்துக்கொடுக்கத் தேன்மொழி திரையோரம் நின்றாள். நான் மறக்கவில்லை. அவளுக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் பஞ்சிடம் சொன்னேன். "டேய், மெத்த செத்துடுச்சுடா!" என்று பின்வரிசையில் எவனோ கத்தினான்.

திரை விழுந்ததும் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"தலகாணிக்கே இப்படி அழுவறீங்களே. நான் படுத்திருந்தா?"

"நீங்க படுத்திருந்தா சிரிப்பு வந்திருக்குங்க."

அவளும் சிரித்தாள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோலக் கொஞ்சம் நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு காலையில் பழைய வகுப்புத் தோழன் போன் செய்தான். தேன்மொழிக்கு மூளையில் ரத்தக்கசிவாம், முடிந்துவிட்டதாம். இங்கே ஊருக்குள்ளேதான் அவள் கணவர் வீடு. போனேன். வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு. ஆண்களோடு வாசலில் நின்றிருந்த என்னை அவள் அம்மா அடையாளம் கண்டு கையைப் பிடித்தார்.

"நாடகத்துலகூடப் படுக்க வேணாம்னேனே, தம்பி."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. அத்தனை வரிகளில் ஒன்றாவது நாக்குக்கு வருமா என்று பார்த்தேன். யாரோ காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

இன்றும் அந்த வரிகள் வருவதில்லை. விழா நடந்த கொட்டகையைப் பிரித்துப் பைக் நிறுத்துகிறார்கள். அந்த அம்மாவும் இல்லை. சட்டையில் ஒட்டிய பஞ்சு, வீட்டுக்கு வந்து பார்த்தபோது, எங்கேயோ விழுந்திருந்தது.