சின்னச் சன்னலில் தெரிந்த வெள்ளை

என் பெயர் மார்ஜரி தோர்ன்லி. வேலை நேரத்தில் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்புடைதான் அணிவேன். கைக்கடிகாரம் கட்டமாட்டேன். பொம்மையைத் தொட்டுவிட்டால், வேலை முடியும்வரை எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கமாட்டேன். இனி நான் எழுதப்போவது கற்பனை அன்று. நம்பாதவரோடு வாதாடும் எண்ணமும் எனக்கில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மான்செஸ்டருக்கு வடக்கே, மூடப்பட்ட பஞ்சாலை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. பொம்மைகளை வைத்துத் திரைப்படம் எடுப்பது எங்கள் தொழில். பொம்மையின் கையைக் கடுகளவு நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் கடுகளவு நகர்த்தி இன்னொரு படம். நாள் முழுவதும் உழைத்தாலும், ஓட்டிப் பார்க்கையில் நான்கு வினாடிக்கு மேல் தேறாது. அருகில் வெளிர்நிறத் துணி அசைந்தால் அதன் ஒளி பட்டுக் காட்சி கெட்டுவிடும். எங்கள் கறுப்புடைக்கு அதுவே காரணம்.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது, எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸ்தோறும் சொல்லப்படும் பழைய பேய்க் கதை. பனி கொட்டும் இரவில் வந்து தட்டிய தங்கைக்கு அண்ணன் கதவைத் திறக்கவில்லை. அவள் வாசலிலேயே விறைத்து இறந்தாள். அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் ஓரடி நெருங்கி வந்து நிற்பாள். பேசமாட்டாள். மன்னிக்கவும் மாட்டாள். கதை அவ்வளவே.

லண்டனிலிருந்து வந்திருந்த இளம் இயக்குநர் பியர்ஸுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

“கடைசியில அண்ணன் அவளைக் கட்டிப்பிடிக்கிறான். அவ மன்னிச்சுடுறா. ஒரு குழந்தையும் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகக் கூடாது.”

“அவ மன்னிக்க மாட்டா, தம்பி. கதையே அதுதான்.”

“நீங்க என்ன அவளுக்கு வக்கீலா? பொம்மைய நகர்த்துங்க, போதும். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள இந்தக் காட்சி முடியலேன்னா, மீதிப் படத்தை லண்டன்ல கம்ப்யூட்டர்ல பண்ணிக்குவேன். நீங்க வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னலாம்.”

எனக்கு வேறு தொழில் தெரியாது. என் வயதில் வேறு யாரும் வேலை தரவும் மாட்டார்கள். பொம்மையின் கையைப் பற்றினேன்.

அன்று டிசம்பர் இருபத்து மூன்று. பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. என்முன் அண்ணனின் சின்னஞ்சிறு கூடம். நடுவில் இரண்டு பொம்மைகள். பின்சுவரில் உள்ளங்கையளவுச் சன்னல். அண்ணனின் கை தங்கையின் தோளை நோக்கி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் தரைப்பலகை முனகியது.

கிர்ர்ர்...

செட் அமைக்கும் டோரீன் வெள்ளை ஏப்ரனோடு நடக்கிறாள் என்றே எண்ணினேன். வழக்கப்படி நான் திரும்பவில்லை.

“டோரீன்! அந்த வெள்ளை ஏப்ரனோட இந்தப் பக்கம் வராதேன்னு எத்தனை தடவடி சொல்றது? போ அந்தாண்ட!”

பொம்மையின் கையை இன்னும் கடுகளவு நகர்த்தினேன்.

நான்கு மணிக்கு, அதுவரை எடுத்ததை ஓட்டிப் பார்த்தோம். அண்ணனின் கை அழகாக எழுந்தது. ஆனால் பின்னால், அந்தச் சன்னலில், ஒரு வெள்ளைப் புள்ளி. அது நகத்தளவு ஆயிற்று. பின் விரலளவு ஆயிற்று.

“கண்ணாடியில யாரோ தெரியறாங்க. வெள்ளைச் சட்டை,” என்றார் பியர்ஸ். “இதுல அனுபவசாலின்னு பேரு வேற!”

ஒவ்வொரு படத்திற்கும் இடையே பல நிமிடங்கள் கடந்திருந்தன. அப்படியானால் அந்த வெள்ளை, கண்ணுக்கே தெரியாத மெதுவில், காலையிலிருந்து எங்களை நெருங்கிக்கொண்டிருந்திருக்கிறது...

எங்களைச் சுற்றிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டோம். எந்த வெளிச்சமும் புகாது. மீண்டும் வேலையைத் தொடங்கினேன்.

குளிர் ஏறியது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆயினும் என் மூச்சு புகையாக வந்தது.

கிர்ர்ர்... இம்முறை துணிக்கு உள்ளே.

நாலே முக்காலுக்கு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். துணி தொங்கியும் வெள்ளை மறையவில்லை. அதற்குத் தோள் இருந்தது. நனைந்த தலைமயிர் இருந்தது. இன்னொன்றையும் கண்டேன். நடுவில் கை பிசகி, அண்ணனின் கரத்தை நான் பின்னுக்கு இழுத்த படங்களில் அது அசையாமல் நின்றது. கரம் தங்கையை நெருங்கிய படங்களில் மட்டுமே... அதுவும் நெருங்கியது.

“நிறுத்திடலாம், பியர்ஸ்.”

“பயமா? இந்த வயசுலயா? நகருங்க, நானே முடிக்கிறேன்.”

அவர் என் இடத்தில் அமர்ந்தார். நான் எழுந்து, கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கிவிட்டு, பட்டறைக் கதவருகே போய் நின்றுகொண்டேன். அந்த இடைவெளி வழியே, எடுத்த படம் ஓடும் திரை தெரிந்தது.

நகர்த்தினார். க்ளிக்.

கிர்ர்ர்...

நகர்த்தினார். க்ளிக்.

சன்னல் முழுவதும் வெள்ளை.

பொம்மையின் கை, தங்கையின் தோளைத் தொட்டது.

க்ளிக்.

விளக்குகள் அணைந்தன.

இருட்டில் பியர்ஸின் குரல்.

“மார்ஜரி... கையை எடுங்க.”

நான் கதவருகேதான் நின்றிருந்தேன்.

விளக்கு மீண்டும் வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். இடத் தோளில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

புத்தாண்டு கழிந்து டோரீன் தொலைபேசியில் அழைத்தாள். அன்று வெள்ளை ஏப்ரனோடு என் பின்னால் ஏன் நடந்தாய் என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

“அன்னிக்கு நான் வரவே இல்லையேடி! காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன்.”

“அப்ப அந்தச் சன்னல் கண்ணாடியில தெரிஞ்சது யாரு?”

“எந்தக் கண்ணாடி? பளபளன்னு மின்னுதுன்னு மொத நாளே பிரிச்சு எடுத்துட்டேன். வெறும் சட்டந்தான் இருந்துச்சு. பின்னாலேயே கறுப்பு அட்டையை ஒட்டிட்டேன். ஒரு நூல் நுழைய எடம் கெடையாது.”

கண்ணாடி இல்லையென்றால் பிரதிபலிப்பும் இல்லை. நாங்கள் கண்டது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததன் நிழல் அன்று. அது எதிரே இருந்தது. அந்தச் சிறிய வீட்டின் வெளியிலிருந்து, சன்னலை நோக்கி நடந்து வந்திருக்கிறது...

அன்று மாலையே பியர்ஸும் அழைத்தார்.

“அந்தக் கடைசிப் படம் கறுப்பா போயிடுச்சு. கட்டிப்பிடிக்கிறதை மறுபடி எடுக்கணும். வர்ற திங்கக்கிழமை வந்துடுங்க. இல்லேன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

“உங்க தோள் எப்படி இருக்கு?”

அவர் குரல் உயர்ந்தது.

“வருவீங்களா, மாட்டீங்களா?”

வரமாட்டேன் என்றேன். பட்டறைச் சாவியைக் காலையில் தபாலில் அனுப்பிவிடுவதாகவும் சொன்னேன்.